டீலியா வாய் திறந்த ஞாயிறு

"பன்றித் தொடையை இன்னும் எவ்வளவு நேரம் வேக வைக்கறதா உத்தேசம் அண்ணி? அது ஏற்கனவே செத்துப்போச்சு... மறுபடியும் கொல்லணுமா?"

மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த வின்னி, சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டாள். பூசைக்குப் போய்வந்த தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

டீலியா கணவனின் வெள்ளைச் சட்டைக் காலரில் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினாள். அழுத்தியது கொஞ்சம் அதிகம்தான்.

"இன்னிக்காவது முகத்தை நல்லா வச்சுக்குங்க. ஊரே எங்க அண்ணனைக் கொண்டாடப் போகுது. பக்கத்துல நீங்க இப்படி உம்முன்னு உக்காந்திருந்தா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"புதுசா என்னத்தை நினைக்கப் போறாங்க வின்னி... நினைக்கறதை எல்லாம் நீங்கதான் எப்பவோ நினைக்க வச்சுட்டீங்களே!"

வின்னி உதட்டைச் சுழித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள்.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து மலைச்சரிவில் நிற்கும் அந்த மரவீட்டின் மூன்று தளங்களிலும் ஃபாஹி குடும்பம்தான். கீழ்த்தளத்தில் மாமியார் ஹொனோரா. அயர்லாந்தின் கால்வே கடற்கரையிலிருந்து மூன்று பிள்ளைகளோடு தனியாகக் கப்பலேறி வந்து, அடுத்தவர் வீட்டுத் துணிகளைத் துவைத்தே அவர்களை ஆளாக்கியவள். நடுத்தளத்தில் மூத்த மகன் மலாக்கியும் டீலியாவும். மேலே மகள் வின்னியும் அவள் கணவனும். இளைய மகன் பார்ட்லிக்கு மட்டும் அந்த வீட்டில் இடமில்லாமல் போனது. அவன் மேற்கே மொன்டானாவின் செம்புச் சுரங்கத்துக்குப் போனவன் போனவன்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். போன குளிர்காலத்தில், நுரையீரலில் கல்தூசி சேர்ந்து அவன் செத்துப்போன செய்தி வந்தது.

அவனை வீட்டைவிட்டு விரட்டியவள் டீலியா. அந்தக் கோவில் பங்கில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கதை அது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, கொழுந்தனுக்கு ஒரு தட்டு சோறு போட மனசில்லாமல், வேலை போய் நின்றவனைப் பனியில் இறக்கிவிட்ட கல்நெஞ்சக்காரி! கோவில் வாசலில், மளிகைக் கடையில், சாவு வீட்டில் என்று ஹொனோரா சொல்லாத இடமில்லை. சொன்னதோடு நிறுத்தவுமில்லை. டீலியா கொடுத்த தேநீரை அவள் தொட்டது கிடையாது. டீலியா நோயில் படுத்தபோதும் படியேறி வந்து பார்த்தது கிடையாது. பெயர் சொல்லி அழைத்ததுகூட இல்லை. 'மாடிக்காரி.' அவ்வளவுதான்.

சட்டையை மடித்து வைத்தபோது பின்பக்க மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. கையில் பெட்டியோடு ஓர் இளம்பெண் மூச்சிரைக்க ஏறி வந்து நின்றாள். தாடையில் குழி. முன்பற்களில் இடைவெளி. யாரென்று கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"நீங்கதான டீலியா பெரியம்மா? நான் நோரீன். பார்ட்லியோட பொண்ணு."

டீலியா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா சொல்லுவாரு... ரயிலடி வரைக்கும் பனியில கூடவே வந்தீங்களாமே! உங்க கல்யாணக் கோட்டைக் கழட்டி அவருக்குச் சுத்திவிட்டீங்களாமே! பொம்பளைக் கோட்டைப் போட்டுக்கிட்டு சிகாகோ வரைக்கும் போனதை நினைச்சு நினைச்சு சிரிப்பாரு."

"சத்தமா பேசாதம்மா..." டீலியா படிக்கட்டுக் கதவை அவசரமாகச் சாத்தினாள். "வேற... வேற என்ன சொன்னான்?"

"எல்லாத்தையும் சொல்லிட்டாரு பெரியம்மா. சாகறதுக்கு முந்தின வாரம்."

டீலியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பாட்டி என்னை வரச்சொன்னாங்க, வந்தேன். ஆனா நான் வந்தது பாட்டிக்காக மட்டுமில்ல. என் பெரியப்பா மூஞ்சியை ஒருதடவை நேர்ல பாக்கணும்னு வந்தேன்."

"பாரு. நல்லா பாரு. ஆனா இன்னிக்கு எதுவும் கேக்காதம்மா. கீழ இருக்கற கிழவிக்கு எண்பதைத் தாண்டிடுச்சு. இதைக் கேட்டா உயிர் போயிடும். உங்கப்பாவும் அதுக்குத்தான வாயை மூடிக்கிட்டுப் போனான்?"

நோரீன் அவளையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்களுமா பெரியம்மா... இத்தனை வருஷமா?"

டீலியா எழுந்து அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

நடந்தது இதுதான். அப்போது மலாக்கியும் பார்ட்லியும் வேலை பார்த்த கம்பி ஆலையில் தொழிற்சங்கம் கிடையாது. ஆட்கள் கோவிலின் அடித்தளத்தில் ரகசியமாகக் கூடிப் பேசுவார்கள். மேலாளர் ஒருநாள் மலாக்கியைத் தனியாகக் கூப்பிட்டார். கூடுகிறவர்களின் பெயர்களைச் சொன்னால் உனக்கு வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் நாளைக்கே வெளியே என்றார். வீட்டில் தொண்டை அடைப்பான் நோயில் கைக்குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. மலாக்கி பெயர்களைச் சொன்னான். சொன்னவற்றில் சொந்தத் தம்பியின் பெயரும் இருந்தது.

வேலை போன பார்ட்லிக்கு அந்த ஊரில் எந்த ஆலையும் கதவு திறக்கவில்லை. யார் சொன்னது என்று தெரிந்துகொண்டு, இதே சமையலறையில் வந்து நின்றான். மலாக்கி மண்டியிட்டுக் கதறினான். பார்ட்லி அவனை அடிக்கவில்லை. "அம்மாவுக்குத் தெரிய வேணாம். பெத்த பிள்ளை காட்டிக்கொடுத்தவன்னு தெரிஞ்சா அவ செத்துடுவா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அயர்லாந்து மண்ணில் பிறந்தவர்களுக்குக் கொலைகாரனைக்கூட மன்னிக்க வரும். காட்டிக்கொடுத்தவனை மன்னிக்க வராது.

மறுநாள் காலையில் "பார்ட்லி எங்கடா?" என்று தாய் கேட்டாள். மேல்படியில் குழந்தையோடு நின்றிருந்த டீலியாவின் காதில் கணவனின் பதில் தெளிவாக விழுந்தது. "டீலியாவுக்கு அவன் இங்க இருக்கறது பிடிக்கலம்மா... போகச் சொல்லிட்டா."

கொஞ்ச நாளைக்கு மட்டும் பொறுத்துக்கொள் என்று அன்று அவள் காலைப் பிடித்தான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. மூச்சுத் திணறிய அந்தக் குழந்தை உர்சுலா வளர்ந்து பள்ளிக்கூட ஆசிரியை ஆகிவிட்டாள்.

மதியம் கீழ்த்தளத்தில் நீள மேஜை போட்டார்கள். மேஜையின் தலைப்பக்கத்தில் ஹொனோரா. இந்தப் பக்கம் மலாக்கி, வின்னி, அவள் கணவன். எதிரே உர்சுலாவும் நோரீனும். டீலியாவுக்கு வழக்கம்போல் கதவோரத்து நாற்காலி. எழுந்து பரிமாற வசதியான இடம்!

நாலு மணிக்கு ஐரிஷ்காரர் மண்டபத்தில் விருந்து. ஆலையில் தொழிற்சங்கத்தைக் கட்டி எழுப்பியவன் என்று மலாக்கிக்குப் பாராட்டு. அவன் உண்மையிலேயே உழைத்தவன்தான். பிறகு வந்த வேலைநிறுத்தத்தில் போலீஸ் தடியால் மண்டை உடைந்தவன். எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பெரிய வைத்தவன். அதனால்தான் டீலியாவுக்கு வாய் திறக்க இன்னும் கஷ்டமாகிப் போனது.

நோரீனை மலாக்கி நிமிர்ந்தே பார்க்கவில்லை. உருளைக்கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். தின்னவில்லை.

ஹொனோரா பேத்தியின் கையைத் தடவியபடி இருந்தாள்.

"அப்படியே அவன் தாடை... அவன் சிரிப்பு. பாட்டுப் பாடுவானாடி?"

"சுரங்கத்துல இறங்கும்போதுகூட பாடுவாரு பாட்டி. கடைசி வருஷம்தான் முடியல. மூச்சு பத்தல."

கிழவியின் கண் நிறைந்தது. "இங்கயே இருந்திருந்தா அந்தத் தூசியைத் தின்னிருப்பானா என் பிள்ளை? அந்தப் பாவத்தை யார் தலையில போடறது?" கதவுப் பக்கம் விரலை நீட்டினாள். "அதோ நிக்கறா பாரு, மாடிக்காரி. அவதான். அவளை நல்லாப் பாத்துக்க."

கையில் குழம்புக் கிண்ணத்தோடு டீலியா அப்படியே நின்றாள். நோரீனின் காது சிவந்தது.

"பாட்டி... வேணாம். வேற பேசலாம்."

"ஏன் வேற பேசணும்? சோறு போட வக்கில்லாதவ, பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? நான் பட்டினி கிடந்து போட்டிருக்க மாட்டேனா?"

உர்சுலா குறுக்கிட்டாள். "விடுங்க பாட்டி. அம்மா குணம்தான் தெரியுமே. அதைப் பத்தி எத்தனை தடவை கேட்டாலும் கல்லு மாதிரி நிப்பாங்க."

பெற்ற மகளின் வாயிலிருந்து வந்தது அது.

நோரீன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"போதும்! என்னால முடியல பெரியம்மா, மன்னிச்சிடுங்க. பாட்டி, எங்கப்பாவை இவங்க விரட்டல. ரயிலடி வரைக்கும் அழுதுக்கிட்டே கூட வந்த ஒரே ஜீவன் இவங்கதான். அவர் பேரை ஆலைக்காரன்கிட்ட சொல்லி வயித்துல அடிச்சது... இதோ உக்காந்திருக்காரே, உங்க மூத்த பிள்ளை!"

வின்னியின் கணவன் வாயருகே கொண்டுபோன முள்கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தான்.

மலாக்கியின் முகம் வெளுத்துப் பிறகு கறுத்தது. மேஜையில் ஓங்கிக் குத்தினான்.

"பொய்! செத்தவன் காய்ச்சல்ல உளறினதை நம்பிக்கிட்டு இங்க வந்து பேசுதா இந்தப் பொண்ணு! அவன் குடிகாரன்மா... குடிச்சுட்டு வாயில வந்ததைச் சொல்லியிருக்கான்!"

"எங்கப்பா குடிச்சதே கிடையாது!"

"என் வீட்டுல வந்து, எனக்கு மரியாதை பண்ற நாள்ல... எழுந்து போ! பெட்டியை எடுத்துக்கிட்டு இப்பவே போ!"

வின்னி அதற்குள் எழுந்துவிட்டாள். மூலையில் இருந்த நோரீனின் பெட்டியைக் கொண்டுபோய்த் தெருக்கதவுக்கு வெளியே வைத்தாள்.

ஹொனோரா அசையவில்லை. கண்கள் மட்டும் டீலியாவிடம் போயின. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் மருமகளை நேராகப் பார்த்தாள்.

"நீ சொல்லு. அந்தப் பொண்ணு சொல்றது நெசமா?"

மலாக்கி திரும்பினான். குரல் தழைந்துவிட்டது. "டீலியா..."

அந்தக் கெஞ்சலை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு தலையாட்டல் போதும். 'பொய்' என்று ஒரே ஒரு சொல். எல்லாம் பழையபடி ஓடிவிடும். திறந்த கதவு வழியாகத் தெரிந்தது, வெளியே நடைபாதையில் கிடந்த பெட்டி. அதை நோக்கி நடந்துகொண்டிருந்தாள் பார்ட்லியின் மகள். அதே வாசல். அதே பொய். அப்பனை விழுங்கியது போதாதென்று இப்போது பிள்ளையையும்!

டீலியா குழம்புக் கிண்ணத்தை மேஜையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்பதே சரி. வெள்ளைத் துணியெல்லாம் குழம்பு தெறித்தது.

"நோரீன்! நில்லு அங்கயே. ஒரு அடி வெளிய வைக்காத!"

அந்தக் குரலை அந்த வீடு கேட்டதில்லை.

"நெசம். அவ சொன்னது அத்தனையும் நெசம். என் சமையக்கட்டுல, என் கண் முன்னாடி, இவரு மண்டி போட்டு அழுதாரு... 'பேரைச் சொல்லிட்டேன் பார்ட்லி, மன்னிச்சிடு'ன்னு. மறுநாள் காலையில பெத்தவ கேட்டப்ப, பழியைத் தூக்கி என் தலையில வச்சாரு!"

"டீலியா, நான் குழந்தைக்காகத்தான்..."

"பேர் சொன்னது குழந்தைக்காக! அதை நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். அந்தக் குழந்தையோட மூச்சு நின்னு நின்னு வந்தப்ப நானா இருந்தாலும் சொல்லியிருப்பேனோ என்னவோ! ஆனா என் தலையில பழியைப் போட்டியே, அது யாருக்காக? சொல்லு! அது யாருக்காக?"

இத்தனை காலமும் 'நீங்க' என்று சொல்லிவந்த வாய் 'நீ' என்று மாறியதை எல்லோரும் கவனித்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

"கோவில்ல நான் போய் உக்காந்தா பக்கத்துல இருக்கறவ எழுந்து போவா. எங்கம்மா அங்க அயர்லாந்துல, மாயோவுல செத்தப்ப இந்த வீட்டுல ஒருத்தர் எனக்காக ஒரு ஜெபமாலை சொல்லல. நான் பெத்த பொண்ணு என்னைக் கல்லுங்கறா! நீ பாத்துக்கிட்டுத்தான இருந்த? ஊருக்கெல்லாம் நியாயம் பேசினியே, என் நியாயத்தை என்னிக்காவது பேசினியா? இப்ப செத்துப்போனவனைக் குடிகாரன்னு சொல்ற... உன் பேரைக் காப்பாத்த ஊரைவிட்டே போனவனை! நாக்கு கூசலையா உனக்கு?"

மலாக்கி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். அந்த அகன்ற தோள்கள் குலுங்கின.

உர்சுலா எழுந்து வந்தாள். "அம்மா... அம்மா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லி? உங்கப்பன் காட்டிக்கொடுத்தவன்னு ஊர்ப் பிள்ளைங்க உன்னைத் துரத்தித் துரத்தி அடிக்கவா? போடி!"

ஹொனோரா மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உயிர் போய்விடும் என்று எல்லோரும் பயந்த கிழவிக்கு உயிர் போகவில்லை. மகனைப் பார்த்தாள். காறித் துப்பப் போகிறவள்போல் உதடு குவிந்தது. துப்பவில்லை. டீலியாவிடம் வந்தாள்.

"என்னை மன்னிச்சிடு ஆத்தா..."

"வேணாம்." டீலியா பின்னால் நகர்ந்தாள். "நாலு சுவத்துக்குள்ள சொல்ற மன்னிப்பு எனக்கு வேணாம் அத்தை. என்னைத் திட்டினது கோவில் வாசல்ல. மன்னிப்பு மட்டும் அடுப்படியிலயா?" கணவனிடம் திரும்பினாள். "உனக்கும் அதேதான். நாலு மணிக்கு மண்டபத்துல மைக் முன்னாடி நிப்பியே... அங்க சொல்லு."

"அவங்க என்னை மிதிச்சே கொன்னுடுவாங்க டீலியா!"

"இத்தனை நாள் என்னை மிதிச்சாங்களே, நான் செத்தா போனேன்?"

மண்டபம் நிறைந்திருந்தது. பங்குச் சாமியார் ஜெபம் சொன்னார். யாரோ பாராட்டிப் பேசினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் மலாக்கி எழுந்தான். அவள் தேய்த்துக் கொடுத்த அந்தச் சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

அவன் சுற்றி வளைக்கவில்லை. பெயர்களைச் சொன்னவன் நான் என்றான். வேலை இழந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசியில், "பார்ட்லி ஃபாஹி, என் தம்பி," என்றான். "அவனை அனுப்பினது என் பொண்டாட்டி இல்ல. நான். அவ பேர்ல நான் பொய் சொன்னேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு நாற்காலிகள் கிறீச்சிட்டன. சிலர் எழுந்து வெளியே போனார்கள். "காட்டிக்கொடுத்த நாயே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தப் பெயர்களுக்கு உரியவர்களில் ஒருவரான கிழவர் லூபி, ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு மேடைவரை வந்தார். வேலை போனபின் வீட்டையே இழந்தவர் அவர். மலாக்கியின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். திரும்பி வந்து டீலியாவின் முன் நின்று தொப்பியைக் கழற்றினார். அப்புறம் வெளியே போய்விட்டார்.

அப்போது முன்வரிசையில் ஹொனோரா எழுந்தாள். மைக் இல்லாமலே அந்தக் குரல் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது.

"என் மருமக கல்நெஞ்சக்காரின்னு உங்க எல்லார்கிட்டயும் நான்தான் சொன்னேன். வீடு வீடா போய்ச் சொன்னேன். அத்தனையும் பொய். அவ பேரு டீலியா. என் வீட்டுல மனுஷின்னு இருந்தது அவ ஒருத்திதான்!"

டீலியா, டீலியா... தன் பெயரை அந்த வாயால் கேட்டபோது, அவளுக்குள் எதுவோ உடைந்துபோயிற்று. பாய்ந்து போய்க் கிழவியைப் பிடித்தாள். கட்டிக்கொண்டாளா, அடித்தாளா என்று பார்த்தவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மூடிய கையால் அந்த மெலிந்த தோளில் குத்திக்கொண்டே அழுதாள்.

"ஏன் ஒருதடவைகூட என்னைக் கேக்கல? ஒரே ஒருதடவை... 'நீயா செஞ்ச'ன்னு ஏன் கேக்கல!"

"அடி... நல்லா அடி, என் மகளே..." என்று கிழவியும் அழுதாள். உர்சுலா வந்து இருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வின்னி மட்டும் கொஞ்ச தூரத்தில், தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றாள். "அண்ணி..." என்று தொடங்கினாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும் என்று டீலியா விட்டுவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் நோரீனோடு மொன்டானாவுக்குக் கிளம்பினாள் டீலியா. பார்ட்லியின் கல்லறையில் தனக்காகவும் ஒருமுறை மண்டியிடச் சொல்லி அனுப்பினாள் ஹொனோரா. மலாக்கி பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்கு வந்தான். அந்த ஒரு வாரத்தில் பத்து வயது கூடியவன்போல் இருந்தான். தெருவில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் யாரையும் குறை சொல்லவில்லை.

பெட்டிகளை ஏற்றிவிட்டு, ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான்.

"திரும்பி வருவியா டீலியா?"

"கோபம் தீந்தா வருவேன்."

"எப்ப தீரும்?"

ரயில் குலுங்கி நகர ஆரம்பித்தது. அவனும் கூடவே நடந்தான். டீலியா அவனைப் பார்த்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கென்ன தெரியும்? நான் இப்பத்தான கோபப்படவே ஆரம்பிச்சிருக்கேன்!"